‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள்

போன மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வந்தவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று, உள்ளே இருக்கிற ஹெலன் காதில் விழும்படி, "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்ட வேண்டும். பால் போடுகிறவன், கேஸ் சிலிண்டர் தூக்கிவருகிறவன், மீட்டர் பார்க்க வருகிறவன், யாருக்கும் விலக்கு இல்லை. கன்னடக்காரர் என்றால் "பர்த்தீனி" என்றாவது சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் ஹெலன் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு போவாள். இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் முகத்தையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஹெலன் என் தம்பி பெண்டாட்டி. விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் வீடு. கீழே நான், மாடியில் ஒற்றை அறையில் அவளும் அவள் மகன் சிரிலும். கீழ் வீட்டு முன்னறைதான் எங்கள் பட்டறை. மெழுகுவத்தி செய்கிறோம். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு ஊரே கோயிலுக்குத் திரண்டு வரும். அவர்கள் கையில் எரிகிற மெழுகுவத்தியில் பாதி எங்கள் அடுப்பிலிருந்து போனது என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். பாதியெல்லாம் இல்லை, கொஞ்சம்தான்.

என் தம்பி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் ஆஸ்டின் டவுன் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். சிரில் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஹெலன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். "அந்தக் கம்பெனியில் உன்னை நாய் மாதிரி விரட்டுகிறான், விட்டுத் தொலை" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து மெழுகு அடுப்பின் முன்னால் உட்கார வைத்தேன். வந்தவள் தனியாக வரவில்லை. கூடவே ஜானகியையும் அழைத்துவந்தாள். இருவரும் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். தம்பி போனபோது, நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகிடக்க, வீட்டில் ஒரு மாதத்துக்கு உலை வைத்தவள் இந்த ஜானகிதான். அதனால் அவளை நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்வேன், ஆனால் அவள் கண்டுகொள்வதில்லை.

எங்கள் மூன்று பேரில் தமிழ் எழுத்து தெரிந்தவள் ஜானகி ஒருத்திதான். இதைச் சொன்னால் மெட்ராஸ்காரர்கள் ஏதோ கொலை செய்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஜெபமெல்லாம் தமிழில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். கோயில் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவோம். சண்டை போடவும் அழவும் தமிழ்தான். வாசிக்க மட்டும் வராது. ஜானகி கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சுரங்கத்தை மூடி, தூசி அடைத்த நெஞ்சோடு அவள் அப்பாவும் இருமி இருமிப் போய்ச் சேர்ந்த பிறகு, கல்யாணமாகி நீலசந்திராவுக்கு வந்தவள்.

மெழுகை அச்சில் ஊற்றிவிட்டால் அது இறுகும் வரைக்கும் கைக்கு அதிகம் வேலை இருக்காது. திரியை வெட்டி அடுக்குவோம், தாளைக் கத்தரிப்போம். அந்த நேரத்தில் ஜானகி நாவல் வாசிப்பாள். அல்சூரில் ஒரு தமிழ் நூலகத்திலிருந்து எடுத்துவருவாள். எங்கள் கையில் எப்போதும் மெழுகுச் சாயம் ஒட்டியிருக்கும், ஆகவே அவள் வாசித்த பக்கங்களிலெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் பெருவிரல் பதிந்திருக்கும். நூலகத்துக்காரர் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ தெரியாது.

அவளுக்குப் பிடித்தது ஒரே வகைதான். போர் வரும். ஆண்கள் போவார்கள். பெண்கள் மிச்சமிருப்பார்கள். வீடு இடியும், பிள்ளை சாகும், தோழி ஒருத்தி கடைசிக் கைப்பிடி அரிசியைப் பங்கு போட்டுக் கொடுப்பாள், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அந்தப் பெண் கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பாள். "ஏண்டி, நம்ம வீட்டுல அழறது போதாதுன்னு காசு குடுத்து வேற அழணுமா?" என்று நான் கேட்பேன். ஜானகி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "நம்ம கஷ்டத்த யாரும் எழுதல பிலோ அக்கா. இதையாவது படிச்சுக்கறேன்" என்பாள். ஹெலனோ அடுத்த நாள் அச்சில் மெழுகு ஊற்றி முடிப்பதற்குள், "அப்பறம் இன்னா ஆச்சு அவளுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

சிரில் கோரமங்களாவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் இருந்தான். நல்ல கை அவனுக்கு. மீன் குழம்பு வைத்தால் அவன் அம்மாவே தோற்றுப்போவாள். யாரோ ஒரு ஏஜென்ட், போனில் வீடியோ காட்டி, வெளிநாட்டில் பெரிய கிச்சனில் உதவியாள் வேலை என்றான். எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரை என் வாயில் எடுக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன். பனி பெய்கிற நாடு, அவ்வளவுதான். அங்கே போர் நடக்கிறது என்று டிவியில் தினமும் காட்டுகிறார்களே என்று ஹெலன் கேட்டாள். "அது எங்கியோ எல்லையிலம்மா. நான் கிச்சன்ல வெங்காயம் வெட்டினு இருப்பேன்" என்றான்.

கிளம்பின அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை ஆட்டோவில் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். என் கன்னத்தைக் கிள்ளினான். "வரேன் அத்தை. வரேம்மா" என்றான். நம்மில் யார்தான் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம்? எதிர்வீட்டு வீணா வாசலில் நின்று கையசைத்தாள்.

கொஞ்சகாலம் கிச்சனில்தான் இருந்தான். அப்புறம் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, எந்த எழுத்தென்றே தெரியாத தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை, ஆனால் இந்தத் தாள் அவனுக்குச் சிப்பாய் உடுப்பை மாட்டிவிட்டது. போட்டோ அனுப்பினான். தலைக்கவசத்துக்குள் அவன் முகம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. ஹெலன் அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு மெழுகுச் சட்டியை அப்படியே கீழே போட்டாள். காலில் கொப்புளம் எழும்பியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நாங்கள் போகாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏஜென்டின் போன் அணைந்துபோயிருந்தது. கடைசியாக சிரிலிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. காற்று இரைகிற சத்தம். நடுவில் அவன் குரல்.

"அம்மா, எங்கள எங்கியோ முன்னாடி கூட்டினு போறாங்களாம். போன வாங்கிக்குவாங்க. நீ சாப்புடு. மெழுகுப் பொகையில உக்காந்து இருமினு இருக்காத. அத்தைய சண்ட போடாம இருக்கச் சொல்லு. சரிம்மா, வரேன்."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஹெலன் அந்த மெசேஜைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். கோயில் படியில், பஸ்ஸில், சந்தைக்குப் போகிற வழியில் என்று எங்கே போனாலும் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "வரேன்னு சொல்லியிருக்கான் அக்கா. கேட்டீங்களா? அவன் சொன்னா செய்வான்." நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? அந்த 'வரேன்' எந்த வரேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். தமிழில் பேசத் தெரிந்த எந்த மடையனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்தாள், பல் தேய்த்தாள். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போது ஜானகி வாசித்துக்கொண்டிருந்த நாவலிலும் ஒரு தாய். உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய ஒரே மகனைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சனியன் பிடித்த கதை அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்? மூட்டை கட்டி நூலகத்தில் போடச் சொன்னேன். ஹெலன்தான் விடவில்லை. "நிறுத்தாத ஜானகி. அந்தப் புள்ள வீட்டுக்கு வரட்டும், அப்பறம் நிறுத்து" என்றாள். ஜானகி என்னைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைத் திறந்தாள்.

உப்பளத்துக்காரியின் மகனிடமிருந்து கடிதம் வந்தது. காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். கால் தேறி, நடக்கப் பழகினான். ஒரு லாரியில் ஏறி ஊருக்குக் கிளம்பினான். வழியில் பாலம் உடைந்துகிடந்தது. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தான். ஹெலன் திரியை வெட்டுவதை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். அந்த நேரம் மட்டும்தான் அவள் முகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பேன். ஆறிப்போன டீயையும் அப்போதுதான் ஒரே மடக்கில் குடிப்பாள்.

எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியாது, கண் தெரியும். ஒருநாள் அச்சிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு மெழுகு அந்தப் புத்தகத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஜானகி எப்போது புத்தகத்தை விரித்தாலும் அந்தச் சிவப்புச் சொட்டு என்னைப் பார்த்தது. கதையில் லாரி போகிறது, பாலம் உடைகிறது, ஆனால் பக்கம் நகரவில்லை. நான் அவளைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "இன்னாடி பண்ணினு இருக்க?" என்று கேட்டேன்.

ஜானகி கண்ணாடியைக் கழற்றினாள். "வீட்ல கை கழுவிட்டு மேல படிச்சுப் பாத்தேன் பிலோ அக்கா. அந்தப் புள்ள செத்துப் போறான். நான் எப்டி வாசிப்பேன்?"

"அப்போ லெட்டர்? நர்ஸு? லாரி?"

"எல்லாம் நானே கட்டிவிட்டுனு இருக்கேன். இன்னிக்கி இன்னா சொல்றதுன்னு காலையில பஸ்ஸுல யோசிச்சினே வரேன். ஊருக்குள்ள கொண்டாந்துட்டா கதை முடிஞ்சிடும். அதான் பாலத்த ஒடச்சேன்."

எனக்கு அவளை அறையவேண்டும்போலவும் கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அடுத்த நாள் அந்தப் பையன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று கேட்க நானும் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சிரில் விஷயம் தெருவில் பரவி, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்து உட்கார்ந்து, உச்சுக்கொட்டி, டீ குடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். கிளம்பும்போது வீணா முதலில் எழுந்தாள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் அப்படியே இறங்கினார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்லக்கூடாது, சொன்னால் இப்படி இன்னொரு தடவை வரவேண்டியிருக்கும் என்று பயம். பிறந்ததிலிருந்து பழகின கால்கள், தாமாகவே அப்படி நடந்துவிட்டன.

ஹெலன் எழுந்து ஓடினாள். தெரு நடுவில் வீணாவின் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாத்துக்கு சொல்லாம போற? எங்க வூட்ல இன்னா பொணமா கெடக்குது? சொல்லுடி! வரேன்னு சொல்லு!"

"வரேன் ஹெலன்... வரேன்" என்றாள் வீணா. மற்றவர்களும் திரும்பி வந்து, ஒவ்வொருவராக வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹெலன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லோர் வாயையும் பார்த்தாள். அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் வந்தது.

ஆடி முடிகிற சமயத்தில் கிருஷ்ணப்பா வந்தார். ஸ்டேஷனில் ஏட்டு, வயதானவர், எங்கள் மனுவை எழுதிக்கொண்ட நாளிலிருந்து பழக்கம். கன்னடக்காரர், எங்களோடு பேசிப்பேசித் தமிழ் வந்தவர். உட்கார்ந்ததும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாட்டில் பெயர் தெரியாத சில உடல்களைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாதாம். தாயின் எச்சிலை எடுத்து அனுப்பினால் பொருத்திப் பார்ப்பார்களாம். இந்த வாரத்துக்குள் கொடுக்காவிட்டால், யாரும் கேட்காத உடல்களை அங்கேயே நம்பர் போட்டுப் புதைத்துவிடுவார்களாம்.

"இது சும்னே ஒரு டெஸ்ட் அம்மா. நம்ம ஹுடுகன் அதுல இல்லன்னு கூட வரலாம்" என்றார். ஹுடுகன் என்றால் பையன், சிரிலை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஹெலன் போனை எடுத்து அந்த மெசேஜைப் போட்டாள். காற்று இரைந்தது. 'சரிம்மா, வரேன்.' "கேட்டீங்களா சார்? வரேன்னு சொல்றான். வரேன்னு சொன்ன புள்ளைக்கு நான் இன்னாத்துக்கு எச்சில் குடுக்கணும்? குடுத்தா அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா?"

கிருஷ்ணப்பா தரையைப் பார்த்தார். "எங்க கன்னடத்துலயும் கிளம்பறப்போ பர்த்தீனின்னுதான் அம்மா சொல்லுவோம்" என்றார், மிக மெதுவாக. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஹெலன் கதவைக் காட்டினாள். "நீங்க சொல்லிட்டுப் போங்க சார்." அவர் வாசலில் நின்று, "பர்த்தீனம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது? நான் அவள் காலைப் பிடித்தேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒருவேளை அங்கே கிடப்பது நம் பிள்ளையாக இருந்தால், அந்தப் பனியில் நம்பரோடு புதைத்துவிட்டால், அப்புறம் எந்த மண்ணைத் தேடிப்போய் அழுவது? என் தம்பியின் ஒரே வித்து. நான் கல்யாணம் கட்டாதவள். சிரிலைத் தவிர எனக்கும் பின்னால் யாரும் கிடையாது. ஹெலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு திரியை வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்ட வேண்டிய அளவைத் தாண்டியும் வெட்டினாள். ஒன்றுக்கும் உதவாத துண்டுத் திரிகள் அவளைச் சுற்றிக் கிடந்தன. எனக்குச் செத்துப்போகலாம் என்று இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் கடைசி நாள். கோயிலில் கூட்டம், ஒலிபெருக்கியில் நவநாள் ஜெபம். மத்தியானம் ஜானகி புத்தகத்தைத் திறந்தாள். அன்று அவளுக்குக் கதை வரவில்லை. பையன் உடைந்த பாலத்தைத் தாண்டி ஒரு தோப்பில் படுத்திருக்கிறான் என்று சொல்லி, மேலே போக முடியாமல் திணறினாள். ஹெலன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மெழுகு ஒட்டினு கீதே. லைப்ரரிக்காரன் திட்டப் போறான், குடு" என்று கையை நீட்டினாள். ஜானகி கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஹெலன் பிடுங்கிக்கொண்டு, நகத்தால் அந்தச் சிவப்புச் சொட்டைச் சுரண்டினாள். சுரண்டிவிட்டு, பின்னால் இருந்த பக்கங்களைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள். மறுபடி பின்னால்.

முன் பக்கங்களிலெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் பெருவிரல் ரேகைகள் இருந்தன. அந்தச் சொட்டுக்குப் பின்னால் ஒரு பக்கத்தில்கூட ஒரு கறை இல்லை.

"இதுக்கப்பறம் உன் கையே படலியே ஜானகி" என்றாள் ஹெலன்.

ஜானகி முகத்தை மூடிக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"வாசி" என்றாள் ஹெலன்.

"வேணாம் ஹெலன். சாமி சத்தியமா வேணாம்."

"எழுதியிருக்கறத வாசிடி."

ஜானகி வாசித்தாள். அழுகையில் பாதிச் சொற்கள் நசுங்கின, ஆனாலும் வாசித்தாள். சண்டை முடிந்து, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் செத்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். வந்து உன் மகன் இருக்கிறானா என்று பார் என்று உப்பளத்துக்காரியைக் கூப்பிடுகிறார்கள். அவள் வாசல் வரைக்கும் போகிறாள், உள்ளே போகவில்லை. 'என் மகன் அங்கே இல்லை' என்று சொல்லித் திரும்பிவிடுகிறாள். சாயங்காலம் அவள் மகனையும் சேர்த்து எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அவள் உப்பு வாருகிறாள், தினமும் அவனுக்கென்று ஒரு பிடி அரிசி கூடுதலாக உலையில் போடுகிறாள், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள். கடைசி வரியில், அவள் உடையவே இல்லை என்று எழுதியிருந்தது.

ஜானகி புத்தகத்தை மூடினாள். கோயிலில் கூட்டம் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஒடயலயாம்" என்றாள் ஹெலன். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "அந்தப் புள்ளைய யாரு தூக்கினாங்க? மூஞ்சிய யாரு தொடச்சாங்க? அத எழுதலியே. குழியில எவன் மேலயோ எவனோ கெடக்கறான், அதுல இவ புள்ளயும் கெடக்கறான், இவ வூட்ல சோறு ஆக்கினு இருக்கா. இவ ஒடயலன்னு எழுதிட்டாங்க."

"அது நம்பிக்க ஹெலன். அந்தம்மா நம்பிக்க வெச்சிருந்தாங்க" என்றாள் ஜானகி.

"நம்பிக்க இல்ல. பயம்." ஹெலன் தன் மடியில் கிடந்த துண்டுத் திரிகளைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? எனக்கும் அதேதானே. பயம்டி. உள்ள போயி பாத்தா தெரிஞ்சிடுமேன்னு பயம். எம்புள்ள பனியில கெடந்தாலும் கெடக்கட்டும், நான் பாக்க மாட்டேன்னு உக்காந்துனு இருக்கேன். நான் தாயா?"

நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஜானகியும் வந்தாள். மூன்று பேரும் அந்த மெழுகுப் பிசுக்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதோம். சிரில் போனதிலிருந்து ஹெலன் அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் கிருஷ்ணப்பாவே ஆட்டோ பிடித்து வந்து அழைத்துப்போனார். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப்பெண், கையுறை போட்டுக்கொண்டு, நுனியில் பஞ்சு வைத்த குச்சியை எடுத்தாள். "பாயி தெகீரி அம்மா" என்று வாயைத் திறக்கச் சொன்னாள். ஹெலன் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை, அவள் நன்றாக இருக்கவேண்டும். கடைசியில் ஹெலன் திறந்தாள். குச்சி உள்கன்னத்தில் உரசிவிட்டு வெளியே வந்தது. குழாயில் போட்டு மூடினார்கள், பெயரை ஒட்டினார்கள். ஹெலன் வாயை மூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் தாடையைப் பிடித்து மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகும் அந்தச் சட்டம் நின்றுவிடவில்லை. எச்சில் கொடுத்தவள்தான், ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள் 'வரேன்' சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் துரத்தவெல்லாம் இல்லை, வெறுமனே பார்ப்பாள், அந்தப் பார்வைக்கே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஜானகி புத்தகம் எதுவும் எடுத்துவரவில்லை. மத்தியானத்தில் மூவரும் தாள் சுற்றினோம். மனதுக்குள் நான் குழந்தை இயேசுவிடம் சண்டை போட்டேன். அந்தக் குளிர்பெட்டியில் கிடப்பது வேறொருத்தியின் எச்சிலோடு பொருந்தட்டும் என்றுகூட வேண்டினேன். இன்னொரு தாய் வயிற்றில் அடி என்று வேண்டுகிறோமே என்று தோன்றியது. தோன்றியும் வேண்டினேன்.

செப்டம்பர் கடைசியில், நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கிருஷ்ணப்பா போன் பண்ணாமல் நேரில் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொருந்திவிட்டது என்றார். கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது என்றார். ஹெலன் கையில் இருந்த அச்சை மெதுவாகக் கீழே வைத்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

அதற்குள் தெருவே வீட்டில் இருந்தது. நான் சுவரில் முட்டிக்கொண்டேன், யாரோ பிடித்துக்கொண்டார்கள். ஹெலன் அடுப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜானகி அவள் தோளைப் பிடித்திருந்தாள். இருட்டுவதற்கு முன்னால் ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். வீணா முதலில் எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள், பழக்கத்தில் திரும்பினாள், "வ..." என்று வாயெடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. அவள் பின்னால் கூட்டம் தேங்கி நின்றது. ஒருவரும் படியிறங்கவில்லை. எல்லாரும் ஹெலனைப் பார்த்தார்கள். மழைக்காலம் முழுக்க அவள் பழக்கிவிட்ட வாய்கள் அவை.

ஹெலன் தலையைத் தூக்கினாள்.

"சொல்லாம போங்க" என்றாள்.

வீணா தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். பின்னாலேயே ஒவ்வொருவராக, ஒரு வார்த்தை இல்லாமல், குடையை விரித்துக்கொண்டு மழையில் போனார்கள். கிருஷ்ணப்பாவும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சும்மா போனார். ஜானகி மட்டும் கடைசி வரை இருந்தாள். நீலசந்திராவுக்குப் போகவேண்டும், அவள் வீட்டிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். எழுந்து வாசலுக்குப் போனவள், படியில் நின்று திரும்பி ஹெலனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்த வீட்டிலிருந்து சொல்லாமல் போனது கிடையாது.

"நீயும்தான் ஜானகி" என்றாள் ஹெலன். "அவன் சொன்னதே போதும்."

ஜானகி செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.